புதுப்பிப்பு: காலி கோட்டை கல்யாணம் என்னாச்சுன்னா

இலங்கைல காலிங்கிற (Galle) ஊரு கோட்டைல முப்பது பேர வச்சு கல்யாணம் பண்ணலாமான்னு கேட்டிருந்தேன்ல, பாதி முடிவாயிருச்சு. தாலி திருப்பரங்குன்றத்துல தான். முருகன் தெய்வானைய கட்டுன எடத்த விட்டுட்டு டச்சுக்காரன் கோட்டைக்குப் போறியாடான்னு அப்பத்தா ஒரே பிடி. அதுவும் நல்லதாப் போச்சு, ரிஜிஸ்டர் இங்கயே 90 நாளுக்குள்ள போட்டுட்டா அங்கிட்டு பேப்பர் அலைச்சலே இல்ல.

காலில ரிசப்ஷன் மட்டும். போர்ச்சுக்கீசியர்ட்ட இருந்து 1640ல டச்சுக்காரங்க புடிச்ச கோட்டை, 1988ல இருந்து யுனெஸ்கோ லிஸ்ட்ல வேற இருக்கு, சாயங்காலம் மதில் மேல நின்னா கீழ கடல் அடிக்கும், அதுக்காகத்தான் இவ்ளோ பாடும். மதுரைலருந்து கொழும்புக்கு பிளைட்ல ஒரு மணி நேரந்தான், ஆனா அங்கருந்து காலி 2 மணி நேரத்துக்கு மேல, வேன் சொல்லியாச்சு. முதல்ல பேசுன ஹோட்டல்காரன் அட்வான்ஸ வாங்கிட்டு ரேட்ட ஏத்துனான், விட்டுட்டோம், பாதிக் காசு போச்சு.

மல்லிப்பூ தான் இன்னும் இழுக்குது. செடி, பூவுக்கு குவாரண்டைன் ரூல் இருக்குன்னாங்க, அதனால கொழும்புலயே சொல்லப்போறோம், நம்மூரு வாசனை வராதுன்னு அம்மா இப்பவே மூஞ்சிய தூக்கிட்டாங்க.

அப்பத்தா பழைய மொய் நோட்ட எடுத்து வச்சு விரல் விட்டு எண்ணிட்டிருக்கு, "முப்பது பேருன்னா செஞ்ச மொய் எப்பிடிடா திரும்பும்?"