புது அலமாரி வாசனை என்று விட்டுவிட்டோம்

மூன்றாம் வகுப்பு ஆசிரியை நான். போன ஜூனில் பள்ளி திறந்தபோது எங்கள் வகுப்பறையே புதுசாக இருந்தது. சுவர் நீளத்துக்கு பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பலகை) அலமாரி, புது டெஸ்க், ஸ்மார்ட் போர்டு, ஏசி. கதவைத் திறந்ததும் குப்பென்று ஒரு நெடி. "புதுசு இல்லையா, ரெண்டு நாள்ல போயிடும்" என்றார் ஹெச்.எம். நானும் நம்பினேன்.

நான்காம் நாள் ஒரு பெண் குழந்தை, "மிஸ், கண்ணு எரியுது" என்று வந்து நின்றாள். கசக்கிக் கசக்கி இமை சிவந்திருந்தது. அலமாரியை ஒட்டி உட்கார்ந்த நாலைந்து பேருக்கு இருமல். மைதானத்துக்குப் போனால் நின்றுவிடும், உள்ளே வந்தால் மறுபடி ஆரம்பிக்கும். திங்கட்கிழமை காலையில்தான் ரொம்ப மோசம். இரண்டு நாள் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்ததும் எனக்கே கண்ணில் நீர் வந்துவிட்டது. அன்றுதான் அலமாரிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். வெளியே பளபளவென்று மைக்கா. உள்தட்டுகளின் ஓரமெல்லாம் ஒன்றும் ஒட்டாமல் மரத்தூள் தெரிந்தது. நெடி அங்கிருந்துதான்.

•

டீச்சர், நான் மரவேலை செய்பவன். அந்தத் தூளைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை. அதிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு மாதக்கணக்கில் கசியும். சூடும் ஈரப்பதமும் ஏறினால் கசிவும் ஏறும். புற்றுநோய் தரும் பொருள் என்று 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சொன்ன வாயு அது. ஆர்டர் கொடுக்கும்போதே ஈ-1 அல்லது ஈ-0 தரம், அதாவது இந்த வாயு குறைவாகக் கசியும் பலகை, என்று எழுதி வாங்குங்கள். வெட்டிய ஓரங்களுக்கு எட்ஜ் பேண்டிங், அதாவது ஓரத்தை மூடி ஒட்டும் பட்டை, கட்டாயம். உள்பக்கம் யார் பார்க்கப்போகிறார்கள் என்று எங்கள் ஆட்களே விட்டுவிடுவார்கள், அது பெரிய தப்பு. ஸ்ப்ளிட் ஏசியை நம்பாதீர்கள், அறைக்குள் இருக்கிற காற்றையேதான் அது சுற்றிவிடும்.

•

என் மகனின் எல்.கே.ஜி. வகுப்பறைக்குப் பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் பெயிண்ட் அடித்தார்கள். பள்ளி திறந்த அன்று மாலையே அவனுக்குத் தலைவலி, வாந்தி. மே முதல் வாரத்திலேயே அடித்திருக்கலாமே!

•

மறுபடியும் நான்தான். ஆசாரியை வரவழைத்து எல்லா ஓரங்களையும் மூடினோம். ஆயாம்மா ஏழரை மணிக்கே வந்து ஜன்னல்களைத் திறந்து, ஃபேனைப் போட்டுவிடுகிறார். மதியம் வரை ஏசி கிடையாது. கண் எரிச்சல் இப்போது யாருக்கும் இல்லை. வீசிங் உள்ள ஒரு பையனை மட்டும் அலமாரிப் பக்கம் விடுவதில்லை, வராண்டா ஜன்னலோரம் உட்கார வைத்திருக்கிறேன்.