ஈமேக்ஸ்: ப்ராசஸ் முடிந்துவிட்டது என்கிறது, பஃபரில் ஒரு வரிகூட இல்லை

கேள்வி

ஈமேக்ஸ் எடிட்டருக்கு ஒரு சின்ன பேக்கேஜ் எழுதிக்கொண்டிருக்கிறேன். மேக்-ப்ராசஸ் (வெளி நிரலை ஓட்டும் ஃபங்ஷன்) மூலம் பைப் (ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றுக்குக் கடத்தும் குழாய்) வழியாக கிட் லாக்கை (கோடில் பதிவான மாற்றங்களைப் பட்டியலிடும் கட்டளை) ஓட்டி, பஃபரில் (ஈமேக்ஸ் உரையை வைக்கும் இடம்) வந்த வரிகளை எண்ண வேண்டும். அவ்வளவுதான். ப்ராசஸ்-ஸ்டேட்டஸ் 'ரன்' என்று சொல்லிக்கொண்டிருக்கும் வரை வெறும் வைல் லூப்பில் சுற்றவிட்டு, அப்புறம் எண்ணுகிறேன்.

பத்துப் பதினைந்து கமிட் உள்ள என் ரெப்போவில் லூப் உடனே முடிகிறது, எண்ணிக்கை பூஜ்யம். பஃபரைத் திறந்து பார்த்தால் எல்லா வரியும் இருக்கிறது! ஈமேக்ஸின் சொந்த ரெப்போவில் ஓட்டினால் லூப் முடிவதே இல்லை. கன்ட்ரோல்-ஜி அடித்துத்தான் வெளியே வருகிறேன். இரண்டு நாளாக இதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பதில் 1

லூப்புக்குள் அக்செப்ட்-ப்ராசஸ்-அவுட்புட் (ப்ராசஸின் வெளியீட்டுக்காகக் காத்திருக்கும் ஃபங்ஷன்) போடுங்கள். ஈமேக்ஸ் காத்திருக்கும்போதுதான் பைப்பைப் படிக்கும். உங்கள் லூப் அதற்கு இடமே கொடுப்பதில்லை. லினக்ஸில் பைப் வழக்கமாக 65,536 பைட் கொள்ளும். அது நிரம்பியதும் கிட் மேற்கொண்டு எழுத முடியாமல் நிற்கிறது. அது முடியட்டும் என்று நீங்கள், நீங்கள் படிக்கட்டும் என்று அது.

கேட்டவர்

தொங்குவது புரிந்தது, நன்றி. ஆனால் ஈமேக்ஸ் எதையுமே படிக்கவில்லை என்றால், சின்ன ரெப்போவில் ப்ராசஸ் முடிந்த விஷயம் மட்டும் அதற்கு எப்படித் தெரிந்தது?

பதில் 2

இதே சந்தேகம்தான் என்னை முதன்முதலில் ஈமேக்ஸின் மூலக்குறியீட்டில் உள்ள ப்ராசஸ்.சி கோப்பைத் திறக்க வைத்தது. இரண்டும் வேறு வேறு வழியாக வருகின்றன. வெளியீடு பைப்பில் வருகிறது. ப்ராசஸின் சாவுச் செய்தி, கெர்னல் அனுப்பும் சிக்சைல்டு சிக்னலில் வருகிறது. சிக்னல் எந்த நொடியிலும் வரலாம், மால்லாக் (நினைவகம் ஒதுக்கும் ஃபங்ஷன்) பாதியில் இருக்கும்போதுகூட. அதனால் சிக்னலைக் கையாளும் ஹேண்ட்லர் லிஸ்ப் பொருள் எதையும் உருவாக்கக் கூடாது. கெர்னல் தந்த எண்ணை அப்படியே ரா_ஸ்டேட்டஸில் போட்டு, ரா_ஸ்டேட்டஸ்_நியூ என்ற ஒற்றை பிட்டை ஏற்றி, அந்த ப்ராசஸின் 'டிக்' எண்ணைக் கூட்டிவிட்டுத் திரும்பிவிடும். (பல ப்ராசஸ் ஒரே நேரத்தில் செத்தால் ஒரே சிக்னல்தான் வரக்கூடும். அதனால் பட்டியல் முழுவதும் போய் ஒவ்வொரு பிஐடியாக, அதாவது ப்ராசஸ் அடையாள எண்ணாக, விசாரிக்கிறது. பிஐடிக்குப் பதில் மைனஸ் 1 கொடுத்து மொத்தமாக அள்ளினால் ஜிலிப் நூலகம் உருவாக்கிய ப்ராசஸ்களும் சேர்ந்து வந்துவிடும். இந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும்.)

நீங்கள் ப்ராசஸ்-ஸ்டேட்டஸ் கேட்டதும், அது அந்த பிட்டைப் பார்த்து, எண்ணை 'எக்ஸிட்' என்று மாற்றிச் சொல்லிவிடுகிறது. டிக்கைத் தொடுவதில்லை. மிச்ச வெளியீட்டைப் படித்து சென்டினலை (ப்ராசஸின் நிலை மாறும்போது ஓட நாம் கொடுக்கும் ஃபங்ஷன்) அழைப்பது ஸ்டேட்டஸ்_நோட்டிஃபை. டிக்கும் அப்டேட்_டிக்கும் (கடைசியாகக் கவனித்தபோது இருந்த டிக்) வேறுபட்டால்தான் அது ஒரு ப்ராசஸைக் கவனிக்கும். அதுவும் வழக்கமாக ஈமேக்ஸ் காத்திருக்கும்போது. நீங்கள் பஃபரைத் திறக்கப் போன அந்த இடைவெளியில் அது ஓடி முடித்திருக்கும்.

அதனால் முதல் பதிலில் சொன்னது பாதிதான் உதவும். ஒரு துண்டு படித்துத் திரும்பிய கணத்தில் சிக்னல் வந்தால், ஸ்டேட்டஸ் 'எக்ஸிட்' ஆகி லூப் முடிந்துவிடும், வால் பைப்பிலேயே கிடக்கும். எண்ணும் வேலையைச் சென்டினலுக்குள் வையுங்கள்.

பதில் 1

சரிதான், அந்த வால் விஷயத்தை நான் யோசிக்கவில்லை. இன்னொன்று: எஸ்டிடிஎர்ரை (பிழைச் செய்திகள் வரும் தனி வழி) தனி பஃபருக்கு அனுப்பினால் அது தனி பைப் ப்ராசஸ். முதன்மை ப்ராசஸின் சென்டினல் ஓடிய பிறகும் அதில் வரிகள் வரலாம்.

கேட்டவர்

சென்டினலுக்கு மாற்றிவிட்டேன். சின்ன ரெப்போவில் எண்ணிக்கை சரியாக வருகிறது, ஈமேக்ஸ் ரெப்போவிலும் தொங்கவில்லை. எஸ்டிடிஎர்ரை இப்போதைக்குப் பிரிக்காமல் விட்டிருக்கிறேன். இன்று இரவு ஸ்டேட்டஸ்_நோட்டிஃபையை வரிவரியாகப் படிக்கப் போகிறேன்.