புதிய பவளத்தைத் தொட்டியில் விடுமுன் மருந்தில் முக்க வேண்டுமா?

வேப்பங்குளத்தான்:
வவுனியாவில் சிறிய கடல்நீர்த் தொட்டி ஒன்று வைத்திருக்கிறேன். ஒரு காளான் பவளமும், மொட்டு மொட்டாகக் கூட்டமாய் வளரும் ஸோவா என்ற பவள வகையில் இரண்டு கொத்துகளும் இந்தக் கிழமை கொழும்பிலிருந்து வருகின்றன. மூன்றும் தொட்டியில் வெட்டி வளர்த்த துண்டுகள். கடைக்காரர், "வெப்பநிலையைச் சமப்படுத்திவிட்டு நேரே விடுங்கள்" என்கிறார். நண்பர் ஒருவரோ மருந்தில் முக்காமல் விடவே கூடாது என்கிறார். எதைக் கேட்பது? முக்குவதானால் எந்த மருந்து இங்கே கிடைக்கும்?

அளம்பில் கடல்:
கட்டாயம் முக்குங்கள். விற்பவருக்குப் பவளம் கைமாறியதோடு வேலை முடிந்தது. அதில் ஒளிந்திருப்பவை உங்கள் தொட்டியில்தான் குடியேறும். ஸோவாவை மட்டுமே தின்று வாழும் ஓடில்லாக் கடல் நத்தை ஒன்று உண்டு. தின்ற ஸோவாவின் நிறமே அதன் உடலிலும் ஏறிவிடுவதால், கொத்தின் நடுவே இருந்தாலும் கண்ணில் படாது. மொட்டுகள் ஒவ்வொன்றாக மூடிக் குறைந்த பிறகுதான் சந்தேகமே வரும்.

முறை கடினமானதல்ல. உங்கள் தொட்டி நீரையே இரண்டு பாத்திரங்களில் எடுங்கள். நன்னீர் வேண்டாம், பவளம் தாங்காது. முதல் பாத்திரத்தில் இளந்தேநீர் நிறம் வரும்வரை அயடீன் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பவளத்தை ஐந்து முதல் பத்து நிமிடம் வைத்து, ஊசியில்லாத பெரிய சிரிஞ்சால் மொட்டுகளுக்கு இடையில் நீரைப் பீய்ச்சுங்கள். விழுபவற்றை வெள்ளைப் பாத்திரத்தில் தெளிவாகக் காணலாம். பிறகு இரண்டாவது பாத்திரத்தில் அலசுங்கள். பவளம் ஒட்டியிருக்கும் அடிக்கட்டையை முடிந்தால் அகற்றி எறிந்துவிடுங்கள், முட்டைகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கனகராயன்:
மேலே சொன்னதில் கடைசி வரிதான் முழு விடயமும். முட்டை. எந்த மருந்தில் முக்கினாலும் முட்டை சாவதில்லை. இன்று வளர்ந்த நத்தைகள் உதிர்ந்துவிடும், பார்த்தவர் நிம்மதியாகத் தொட்டியில் விடுவார், ஒட்டியிருந்த முட்டைச் சுருள் பிறகு பொரிக்கும். முக்காமல் விட்டவராவது தினமும் கவனித்துக்கொண்டிருப்பார். முக்கி எடுத்தவர் கவனிப்பதை நிறுத்திவிடுகிறார். எனக்கு அதுதான் பெரிய ஆபத்தாகப் படுகிறது.

தொட்டியில் களைபோலப் பரவும் ஐப்டேசியா என்ற கடல் தாமரையும் இந்தக் குளியலுக்கு அசைவதில்லை. அதன் அடிப்பாதத்தில் ஒரு துணுக்கு கிழிந்து எஞ்சினாலும் புதிதாக முளைக்கும். மீன்களுக்கு வெண்புள்ளி நோயைத் தரும் உயிரியின் கூடுகளும் அடிக்கட்டையில் ஒட்டிக்கொண்டு வரும். அதற்காகத்தான் பவளத்தை மீனில்லாத தொட்டியில் 76 நாள் வைக்கும் வழக்கம் வந்தது. கொழும்பிலிருந்து 250 கிலோமீற்றருக்கு மேல் பையில் குலுங்கி வந்த உயிரை வந்த கையோடு அயடீனில் போடுவதை என்னால் ஏற்க முடியாது. தனித்தொட்டியில் விடுங்கள். இரவில் சிவப்பு வெளிச்சத்தில் பாருங்கள், பகலில் ஒளிந்திருப்பவை அப்போது வெளியே வரும்.

அளம்பில் கடல்:
தனித்தொட்டி என்று எழுதுவது சுலபம். வவுனியாவின் ஓகஸ்ட் வெயிலில் 20 லீற்றர் தொட்டி எவ்வளவு விரைவாகச் சூடேறும் என்று யோசித்தீர்களா? நீர் 30 பாகையைத் தாண்டி அப்படியே நின்றால், பவளம் தன் திசுவுக்குள் வாழும் அல்காக்களை வெளியேற்றி வெளுக்கத் தொடங்கிவிடும். பீடைக்குப் பயந்து வெயிலுக்குப் பலி கொடுப்பதா?

கனகராயன்:
தொட்டியை மூடாமல் மேலே ஒரு மின்விசிறியை வையுங்கள், நீர் ஆவியாகும்போது இரண்டு மூன்று பாகை குறையும். ஆவியான அளவுக்கு நன்னீர் விட்டு உப்பளவை ஒரு கிலோ நீருக்கு 35 கிராமில் நிறுத்துங்கள். வன்னியில் பெரிய தொட்டியைக்கூட நாங்கள் அப்படித்தான் காப்பாற்றுகிறோம். சிறியதற்கு மட்டும் ஏன் முடியாது?

முத்தையன்கட்டுக் கமக்காரன்:
அயடீன் புண்ணுக்குத்தான் நல்லது, புழுவுக்குப் போதாது. வெட்டுக்காயத்தில் கிருமி பிடிக்காமல் தடுக்கும், அவ்வளவுதான். என் தொட்டியில் செந்தட்டைப்புழு பெருகிக் கிடக்கிறது. இனி வாங்கும் எதையும் வலுவான மருந்தில்தான் முக்குவேன். அமெரிக்காவில் பலர் இமிடாகுளோபிரிட் உள்ள தோட்டப் பூச்சிநாசினியில்தான் பவளத்தை முக்குகிறார்கள். காலபோக நெல்லில் தத்திப்பூச்சிக்கு நாங்கள் அடிக்கும் மருந்தும் அதுதான். வீட்டில் போத்தல் இருக்கிறது. கொழும்பில் விலை கொடுத்து வெளிநாட்டு மருந்து எதற்கு?

மல்லாவி மருந்தாளர்:
அண்ணா, தயவுசெய்து அந்தப் போத்தலைத் திறக்காதீர்கள். பெயர் ஒன்றுதான், சரக்கு வேறு. அவர்கள் பயன்படுத்தும் தோட்ட மருந்தில் இமிடாகுளோபிரிட் 0.72 சதவீதம், அதனுடன் பீட்டா சைபுளூத்ரின் என்ற பைரித்ரொயிட்டு வகைப் பூச்சிநாசினி 0.36 சதவீதம். உங்கள் வயல் மருந்து 200 எஸ்.எல். என்றால் லீற்றருக்கு 200 கிராம். ஏறத்தாழ 28 மடங்கு. அவர்கள் எழுதிய மில்லிலீற்றர் கணக்கை அப்படியே பின்பற்றினால் என்னவாகும் என்று பாருங்கள்.

முத்தையன்கட்டுக் கமக்காரன்:
தங்கச்சி, மருந்து கலக்கும் கணக்கு எங்களுக்குத் தெரியாததல்ல. 28 மடங்கு என்றால் 28இல் ஒரு பங்கு விட்டால் முடிந்தது. வயலுக்கு அடித்தால் யாரும் கேட்பதில்லை, ஒரு கோப்பைத் தண்ணீருக்கு இவ்வளவு தடையா?

மல்லாவி மருந்தாளர்:
நீர்ப்பதால் இமிடாகுளோபிரிட் மட்டுமே சமமாகும். வயல் போத்தலில் பைரித்ரொயிட்டு இல்லை. மருந்தைக் கரைக்கச் சேர்க்கும் திரவங்களும் வேறு. அவை பவளத்தை என்ன செய்யும் என்று போத்தலில் எழுதியிருக்காது, அது நெல்லுக்குச் செய்த மருந்து. அவர்கள் கண்ட பலன் உங்களுக்கும் கிடைக்கும் என்பதற்கு ஆதாரமே இல்லை. அரைகுறையாக அலசிய துண்டைத் தொட்டியில் விட்டால் இறாலும் நண்டும்தான் முதலில் சாகும்.

கனகராயன்:
முக்கி முடித்த தண்ணீரை எங்கே ஊற்றுவீர்கள் அண்ணா? அந்தக் கேள்வியை யாருமே கேட்கவில்லை. இமிடாகுளோபிரிட் நீரில் கரைந்து மண்ணுக்குள் இறங்கும். நீர்ப்பூச்சிகளுக்கும் தேனீக்களுக்கும் கொடிய நஞ்சு. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் திறந்த வெளிப் பயிர்களுக்கு அதைத் தடைசெய்தது தேனீக்களைக் காக்கத்தான். வளவுக்குள் கொட்டினால் கிணற்றை நோக்கிப் போகும், வாய்க்காலில் கொட்டினால் குளத்தை நோக்கிப் போகும். ஊர்ப்பிள்ளைகள் குடிக்கும் தண்ணீர் அது. வயலில் ஏற்கெனவே அடிக்கிறோம் என்பதற்காகப் பொழுதுபோக்குக்கும் அதே நஞ்சைக் கொண்டுவருவதா? இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

புதுக்குடியிருப்பு வாசகன்:
குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். கொழும்பிலிருந்து ஏன் வாங்குகிறீர்கள்? முல்லைத்தீவுக் கடலிலேயே ஒரு துண்டு உடைத்து எடுக்க முடியாதா?

அளம்பில் கடல்:
கூடாது தம்பி. கல் பவளங்கள் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. சட்டம் இல்லாவிட்டாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன், எங்கள் மீன் குஞ்சுகள் ஒதுங்கும் இடம் அது. தண்ணீரை மட்டும் எடுங்கள். அதையும் மாரியில் நாயாற்று முகத்துவாரத்துக்கு அருகில் எடுக்காதீர்கள், வெள்ளநீர் கலந்து உப்பு இறங்கியிருக்கும்.

வேப்பங்குளத்தான்:
கனகராயன் அண்ணா, தனித்தொட்டி வைக்கிறேன். ஆனால் அதற்குள்ளும் முக்கிவிட்டுத்தான் விட நினைக்கிறேன். மருந்தகத்தில் எதைக் கேட்பது?

மல்லாவி மருந்தாளர்:
பொவிடோன் அயடீன் 10 சதவீதக் கரைசல் என்று கேளுங்கள். 7.5 சதவீத ஸ்கிரப் என்று ஒன்றும் இருக்கும், அதில் சவர்க்காரம் கலந்திருக்கிறது, வாங்காதீர்கள். அத்துடன் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். ஸோவா வகைகள் சிலவற்றில் பலிடொக்சின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. வெட்டும்போது கண்ணில் தெறித்தாலோ கைக்காயத்தில் பட்டாலோ ஆபத்து. ஸோவா ஒட்டியிருந்த கல்லைக் கொதிநீரில் போடவே வேண்டாம், ஆவியை மூச்சில் இழுத்தவர்கள் வைத்தியசாலைக்குப் போயிருக்கிறார்கள்.

கனகராயன்:
ஒரு முறை முக்குவதை நான் இன்னும் ஏற்கவில்லை. முக்கத்தான் போகிறீர்கள் என்றால் வாரம் ஒரு முறை, நான்கைந்து வாரம் தனித்தொட்டியில் வைத்தே முக்குங்கள். அப்படியென்றால்தான் பொரிக்கும் குஞ்சுகள் முட்டையிடும் வயதுக்கு வருமுன் அகப்படும். ஒவ்வொரு முறையும் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, சுருள் போல ஒட்டியிருந்தால் பல் துலக்கும் தூரிகையால் உரசி எடுங்கள்.

முத்தையன்கட்டுக் கமக்காரன்:
கிணற்றுக் கதை சரிதான், போத்தல் வயலோடு இருக்கட்டும். ஆனால் அயடீனை நம்பி உட்காரச் சொல்லாதீர்கள். பெரிய தொட்டியில் ஏற்கெனவே பெருகிவிட்ட செந்தட்டைப்புழுவுக்கு உங்களிடம் என்ன வழி இருக்கிறது?

அளம்பில் கடல்:
அயடீனைப் பற்றி நீங்கள் சொன்னது சரி அண்ணா, அந்தப் புழுவுக்கு அது போதாது. ஆனால் உங்களிடம் இருக்கும் புழு சாகும்போது நஞ்சைக் கக்கும் இனம். ஒரே நாளில் எல்லாவற்றையும் கொன்றால் மீனும் சேர்ந்து போய்விடும். ஒடுங்கிய குழாயால் நீருடன் சேர்த்து உறிஞ்சுங்கள், அந்த நீரை மெல்லிய துணியில் வடித்துத் தொட்டிக்கே திருப்பி விடலாம். எண்ணிக்கை நன்றாகக் குறையும்வரை எந்த மருந்தும் வேண்டாம். புழு கக்கும் நஞ்சை ஈர்க்க வடிகட்டிக்குள் போடும் செயலூட்டிய கரி (activated carbon) வேண்டும், அதை வாங்கி வைத்துவிட்டு உறிஞ்சத் தொடங்குங்கள்.