சேலத்தில் இருந்துகொண்டு பழைய வால்வோ வைத்துக்கொள்ள முடியுமா?

மிளகுத்தோட்டம் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. வீடு அஸ்தம்பட்டியில். அப்பாவும் அம்மாவும் ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இருக்கிறார்கள், அங்கே கொஞ்சம் காபியும் மிளகும் இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு முறையாவது மலை ஏறி இறங்க வேண்டும், பறிப்புக் காலத்தில் அதற்கும் மேலே. இப்போது ஓட்டுவது பழைய ஸ்விஃப்ட். போன மாதம் இரவு பனிமூட்டத்தில் குடும்பத்தோடு இறங்கிக்கொண்டிருந்தேன், வளைவில் ஒரு வேன் ரோடு முழுவதையும் எடுத்துக்கொண்டு ஏறி வந்தது. கண்ணாடியை உரசிவிட்டுப் போனதோடு முடிந்தது. பின் சீட்டில் எட்டு வயதிலும் நான்கு வயதிலும் இரண்டு பிள்ளைகள். அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை, அடுத்த வண்டி பாதுகாப்பானதாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

புது வால்வோ நமக்கு எட்டாது. பெங்களூரில் ஒரு 2013 எக்ஸ்சி60 டி5 பார்த்தேன், இரண்டாவது ஓனர், 92,000 கிலோமீட்டர், எட்டரை லட்சம் கேட்கிறார். உட்கார்ந்து கதவைச் சாத்திய உடனே மனது அதிலேயே நின்றுவிட்டது. மாமா இன்னோவா எடு, எந்த ஊரிலும் பார்ப்பார்கள் என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சேலத்தில் இதை யார் பார்ப்பார்கள், எதற்கெல்லாம் பெங்களூருக்கோ கோவைக்கோ ஓட வேண்டும், வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்? வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

கன்னங்குறிச்சி_எஸ்60 எழுதியது:

2018-இல் இருந்து ஒரு எஸ்60 வைத்திருக்கிறேன், 2012 மாடல். நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் ஆர்சியை எடுத்து சிசி எவ்வளவு என்று பாருங்கள். பழைய வால்வோ டீசலில் பின்னால் ஒட்டியிருக்கும் டி3, டி4, டி5 எழுத்தை நம்பி எதையும் முடிவு செய்யக் கூடாது, ஒரே எழுத்தில் வேறு வேறு இன்ஜின் வந்திருக்கிறது. 1984 சிசி அல்லது 2400 சிசி என்றால் ஐந்து சிலிண்டர், வால்வோவின் பழைய இன்ஜின். 1969 சிசி என்றால் பிறகு வந்த நான்கு சிலிண்டர். ஊற்றும் ஆயிலில் இருந்து பெல்ட் கிட் வரை எல்லாமே இரண்டுக்கும் வேறு. நீங்கள் பார்த்தது 2400ஆக இருக்கும். அந்த ஐந்து சிலிண்டர் சத்தமே ஒரு தனிச் சத்தம், ஒழுங்காகப் பராமரித்தால் நீண்ட காலம் ஓடும் இன்ஜின்.

அந்தப் பராமரிப்பில் நான் கோட்டைவிட்டது பெல்ட். 2021-இல் பெங்களூருக்குப் போய்க்கொண்டிருந்தேன், தொப்பூர் தாண்டும்போது பேட்டரி விளக்கு எரிந்தது. சரி, ஆல்டர்நேட்டராக இருக்கும், தர்மபுரியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டினேன். இரண்டு கிலோமீட்டர்கூட ஆகவில்லை, இன்ஜின் நின்றுவிட்டது. நடந்தது இதுதான்: வெளியே ஆல்டர்நேட்டரையும் ஏசியையும் சுற்றும் பெல்ட் நார் நாராகக் கிழிந்து, கிராங்க் புல்லிக்குப் பின்னால் கவருக்குள் நுழைந்து, பிஸ்டனையும் வால்வையும் ஒத்து ஓட வைக்கும் டைமிங் பெல்ட்டை இழுத்து நழுவ வைத்துவிட்டது. இந்த இன்ஜினில் டைமிங் தப்பினால் பிஸ்டன் போய் வால்வை இடிக்கும். ஹெட் இறக்கினார்கள், வால்வுகள் வளைந்திருந்தன. ரெக்கவரி வண்டி, பாகங்கள், கூலி எல்லாம் சேர்ந்து இரண்டே முக்கால் லட்சம். பாகம் வரக் காத்திருந்தது ஐந்து வாரம். வாங்கும்போது விற்றவர் பெல்ட் மாற்றியாகிவிட்டது என்று வாயால் சொன்னார், பில் கேட்காமல் விட்டேன். முதல் வருடமே கிட் போட்டிருந்தால் டைமிங் பெல்ட், டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப், வெளிப் பெல்ட், அதன் டென்ஷனர் எல்லாம் சேர்த்தே ஐம்பதாயிரத்துக்குள் முடிந்திருக்கும். வாட்டர் பம்பைச் சுற்றுவதும் அதே டைமிங் பெல்ட்தான், அதனால் இந்த வேலையைப் பாதி பாதியாகச் செய்யாதீர்கள். கிலோமீட்டர் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பத்து வருடத்தைத் தாண்டிய பெல்ட்டை நம்பி ஒரு மலைகூட ஏறக் கூடாது. 2013 வண்டி, 92,000 கிலோமீட்டர் என்று சொன்ன உடனே எனக்கு முதலில் பதறியது இதற்குத்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் நான் வண்டியை விற்கவில்லை. கோவைக்கோ பெங்களூருக்கோ மூன்று மணி நேரம் ஓட்டிப் போய் இறங்கினால் இடுப்பில் வலி இல்லை, அந்த சீட்டுக்காகவே வைத்துக்கொள்ளலாம்.

சூரமங்கலம்_பட்டறை எழுதியது:

தம்பி, இருபத்தி இரண்டு வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். வால்வோ அதிகம் வராது, என்னிடம் தொடர்ந்து வருவது நான்கு வண்டிதான். சேலத்தில் வால்வோ என்றால் எல்லோருக்கும் ஏசி பஸ்தான் நினைவு வரும். போன் செய்து வால்வோவுக்கு பிரேக் பேடு இருக்கிறதா என்று கேட்டால் எந்த பஸ்ஸுக்கு என்று கேட்பார்கள். பஸ்ஸும் லாரியும் செய்யும் கம்பெனி வேறு, கார் கம்பெனி வேறு. 1999-இல் கார் பிரிவை ஃபோர்டுக்கு விற்றுவிட்டார்கள், 2010-இல் அது சீனாவின் ஜீலி கைக்குப் போனது. அதனால் பஸ் சர்வீஸ் செய்யும் இடத்தில் கார் பாகம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் போய் அலையாதீர்கள்.

இங்கேயே ஆகும் வேலைகள்: ஆயில், பில்டர், பேடு, டிஸ்க், லோயர் ஆர்ம் புஷ், ஷாக் அப்சார்பர், லிங்க் ராடு, ஏசி, டயர், அலைன்மென்ட், பேட்டரி. பாகத்தைச் சரியான நம்பரோடு வரவழைத்துக் கொடுத்தால் கை வேலை தெரிந்த யாரும் போடுவார்கள். சேசிஸ் நம்பர் ஒய்வி1 என்று தொடங்கும், அந்த முழு நம்பரைக் கொடுத்துத்தான் பாகம் கேட்க வேண்டும். மாடலையும் வருடத்தையும் மட்டும் சொல்லி வாங்கினால் பாதி நேரம் தப்பாகத்தான் வரும்.

பட்டறைக்காரன் என்ற முறையில் இரண்டு விஷயம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். முதலாவது, பின் பிரேக் பேடு. ஹேண்ட் பிரேக் பட்டனில் இருக்கிறது, காலிப்பரில் மோட்டார். ஸ்கேனரில் சர்வீஸ் மோடுக்குப் போட்டு மோட்டாரைப் பின்வாங்க வைத்துவிட்டுத்தான் பேடைக் கழற்ற வேண்டும். தெரியாதவர் கிளாம்ப் போட்டு பிஸ்டனை அமுக்கினால் மோட்டார் போய்விடும். அப்படிப் போன வண்டி ஒன்று என்னிடமே வந்தது. பட்டறைக்குப் போனதும் முதலில் இதைக் கேளுங்கள், முழிக்கிறார் என்றால் வண்டியைத் திருப்பிவிடுங்கள்.

இரண்டாவது, ஆயில். சேலத்து வெயிலுக்கு 15டபிள்யூ-40 கெட்டியாக ஊற்றினால்தான் இன்ஜின் நிற்கும் என்று நம் ஊரில் இன்னும் பலர் நம்புகிறார்கள். ஐந்து சிலிண்டருக்கு 0டபிள்யூ-30, ஏ5/பி5 தரம். 1969 சிசிக்கு அதைவிட மெல்லிய 0டபிள்யூ-20, வால்வோவின் சொந்தத் தரக் குறியீட்டோடு வரும். புத்தகத்தில் எழுதியிருப்பதை மட்டும் ஊற்றுங்கள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஜப்பானின் ஐசின் செய்தது, நல்ல பெட்டி. ஆயுளுக்கும் ஆயில் மாற்ற வேண்டாம் என்று சொல்வார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அறுபதாயிரத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன், மலை ஏறும் வண்டிக்கு அதற்கு முன்பே. மாற்றும்போது அந்தப் பெட்டிக்கு என்று சொன்ன ஆயில் மட்டும், கடையில் கிடைக்கும் சிவப்பு ஆயில் எதுவோ வேண்டாம்.

சாதாரண ஸ்கேனர் இன்ஜின் கோடை மட்டும் காட்டும். மற்ற கன்ட்ரோல் யூனிட் எல்லாவற்றையும் பார்க்க விடா என்ற வால்வோவின் சொந்த சாஃப்ட்வேர் வேண்டும். வாங்கும் முன் பெங்களூரிலேயே விடா போட்டு முழு ரிப்போர்ட் எடுத்துவிடுங்கள், ஓனர் வேண்டாம் என்றால் அந்த வண்டி உங்களுக்கு வேண்டாம்.

சில்வர்ஓக் எழுதியது:

நான் ஏற்காட்டிலேயே இருக்கிறேன், மூன்று வருடமாக எக்ஸ்சி60. கீழே இருப்பவர்கள் சொல்லாத விஷயங்கள் சில இருக்கின்றன.

சன்ரூஃப். தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தடியில் நிறுத்துவீர்கள், எல்லோரும் அங்கேதான் நிறுத்துகிறோம். அந்த இலை மக்கிப்போய் சன்ரூஃப் ஓரத்தில் உள்ள வடிகால் துளையில் அடைத்துக்கொள்ளும். ஐப்பசி மழையில் தண்ணீர் போக வழியில்லாமல் முன் கண்ணாடி ஓரத்துத் தூண் வழியாக உள்ளே இறங்கி, கால் வைக்கும் கார்ப்பெட்டுக்கு அடியில் நிற்கும். மேலே தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், அடியில் இருக்கும் பஞ்சு ஊறிக் கிடக்கும். ஒயரிங் கனெக்டர் பச்சை பூத்த பிறகு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு எச்சரிக்கை வரும், எந்த மெக்கானிக்காலும் கண்டுபிடிக்க முடியாது. நான் ஆடி பிறக்கும் முன் ஒருமுறை, ஐப்பசிக்கு முன் ஒருமுறை துளையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி சக்கரத்துப் பக்கம் வடிகிறதா என்று பார்ப்பேன். ஐந்து நிமிட வேலை. வாங்கப் போகும்போது கால்மிதியைத் தூக்கி அழுத்திப் பாருங்கள், மூக்கை வைத்தும் பாருங்கள்.

இறக்கம். இந்த வண்டி இரண்டு டன்னுக்குக் கொஞ்சம்தான் குறைவு. இருபது கொண்டை ஊசி வளைவையும் டி-யில் போட்டு பிரேக்கிலேயே இறங்கினால் அடிவாரம் வரும்போது டிஸ்க் வாடை வரும். கியரை மேனுவலுக்குத் தள்ளி இரண்டில் இறங்குங்கள். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், அது காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும், ஈரமான ஆயில் சூட்டில் கொதித்தால் பெடல் பஞ்சாகிவிடும். நம் மலையில் இருக்கும் ஈரத்துக்கு இதைத் தள்ளிப்போடவே கூடாது.

டி5 நான்கு சக்கர டிரைவ், பின் சக்கரத்துக்கும் இழுவையைக் கொடுக்கும் ஹால்டெக்ஸ் யூனிட் பின்னால் இருக்கும். அதற்குத் தனி ஆயில், அதன் பம்ப் அழுக்கில் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் டேஷ்போர்டில் எதுவும் வராமலேயே வெறும் முன் சக்கர வண்டியாகிவிடும். ஈரமான மண் மேட்டில் நிறுத்திக் கிளப்பிப் பாருங்கள், முன் சக்கரம் மட்டும் சுற்றினால் புரிந்துகொள்ளுங்கள்.

பிள்ளைகள் இருப்பதாகச் சொன்னீர்கள். சில எக்ஸ்சி60-இல் பின் சீட்டிலேயே தூக்கி நிறுத்தும் பூஸ்டர் இருக்கும், உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று பாருங்கள், பெரிய பிள்ளைக்கு ஆகும். சின்னவனுக்குத் தனி சீட் வாங்கிவிடுங்கள். மூன்று முனை பெல்ட்டை 1959-இல் காரில் கொடுத்து, மற்ற கம்பெனிகளும் போடட்டும் என்று அந்தக் காப்புரிமையைத் திறந்துவிட்டது வால்வோதான். அந்த வண்டியிலேயே பின்னால் பெல்ட் போடாமல் பிள்ளைகளை நிற்க வைத்து மலை ஏறுபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

ஓமலூர்ரோடு எழுதியது:

நான் இரண்டு வருடம் வைத்திருந்து விற்றுவிட்டேன், அந்தப் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். பணம் எனக்குப் பிரச்சினையாக இல்லை, நாட்கள்தான் பிரச்சினை. முன் கண்ணாடியில் கல் பட்டு விரிசல். இந்த வருடத்து வண்டிகளில் தானாக பிரேக் போடும் சிட்டி சேஃப்டி சென்சார் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால்தான் இருக்கிறது, அதனால் அதற்கென்று உள்ள கண்ணாடியே வேண்டும், அது வர இருபது நாள். பிறகு ஒரு சென்சாருக்குப் பத்து நாள். இப்படி வருடத்தில் ஒன்றரை மாதம் வண்டி இல்லாமல் இருந்தேன், வீட்டில் அது ஒன்றுதான் வண்டி. ஸ்விஃப்டைக் கொடுத்துவிட்டு இதை எடுப்பதாக இருந்தால் எடுக்காதீர்கள்.

கேஏ நம்பர் என்றால் கணக்கை முதலிலேயே போடுங்கள். அங்கே என்ஓசி என்ற தடையில்லாச் சான்று, இங்கே வண்டி வயதுக்கு ஏற்ற ஆயுள் வரி கட்டி நம்பர் மாற்றம், கர்நாடகாவில் கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்க மனு. அதற்கு நான் அலைந்தது மட்டும் ஏழு மாதம். 2013 வண்டிக்கு 2028-இல் பதினைந்து வருடம் முடியும், மறுபடி எஃப்சி, பசுமை வரி. எட்டரை லட்சத்தில் இதெல்லாம் இல்லை.

மிளகுத்தோட்டம் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஞாயிற்றுக்கிழமை போய்வந்தேன். ஆர்சியில் 2400, ஐந்து சிலிண்டர். பெல்ட் மாற்றியதற்கு பில் இல்லை, ஓனரும் நேர்மையாக மாற்றவில்லை என்றே சொன்னார். பட்டறை அண்ணா சொன்னபடி விடா ரிப்போர்ட் எடுத்தோம், இன்ஜினிலும் கியர்பாக்ஸிலும் எதுவும் இல்லை, பின் பார்க்கிங் சென்சார் ஒன்று மட்டும். இடது முன் கால்மிதிக்கு அடியில் அழுத்தினேன், காய்ந்திருந்தது. ஹால்டெக்ஸைச் சோதிக்க அந்த ஊரில் மண் மேடு கிடைக்கவில்லை, பம்ப் சுத்தம் செய்யும் செலவையும் சேர்த்துக்கொண்டேன்.

பெல்ட் கிட், கியர் ஆயில், ஹால்டெக்ஸ், டயர் நான்கு, வரி எல்லாம் எழுதிக் காட்டினேன். ஏழே காலுக்கு வந்தார். அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். ஸ்விஃப்டை விற்கவில்லை, மாமாவிடமும் அதைச் சொன்ன பிறகுதான் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. பூஸ்டர் இருக்கிறது, பெரியவளுக்கு அதில் உட்கார்ந்து பார்க்க இப்போதே அவசரம்.

கன்னங்குறிச்சி அண்ணா, ஒரு சந்தேகம். பெல்ட் வேலையை பெங்களூரிலேயே முடித்துவிட்டு ஓட்டி வரவா, இல்லை மெதுவாக சேலம் வரை வந்து இங்கே போடலாமா? 200 கிலோமீட்டர்தான்.

கன்னங்குறிச்சி_எஸ்60 எழுதியது:

அங்கேயே முடியுங்கள். ரூம் போட்டு இரண்டு நாள் தங்கினாலும் பரவாயில்லை. வரும் வழியில் தொப்பூர் இருக்கிறது. கழற்றிய பழைய பெல்ட் இரண்டையும் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டு வாருங்கள், ஓரம் எப்படிக் கிழிந்திருக்கிறது என்று எனக்கும் பார்க்க வேண்டும்.