சாமர்செட் மாமின் ‘தி லெட்டர்’: சிறுகதையை முதலில் படிப்பதா, நாடகத்தையா?

கேள்வி:
சாமர்செட் மாமின் ‘தி மூன் அண்ட் சிக்ஸ்பென்ஸ்’, ‘கேக்ஸ் அண்ட் ஏல்’ ஆகிய நாவல்களை முடித்துவிட்டேன். அடுத்ததாக ‘தி லெட்டர்’ படிக்க எண்ணுகிறேன். 1926இல் வெளிவந்த ‘தி கேஷுவரினா ட்ரீ’ தொகுப்பில் அது சிறுகதையாக இருக்கிறது. 1927இல் லண்டன் மேடைக்கு நாடகமாகவும் வந்திருக்கிறது. இரண்டும் அவர் எழுதியவையே என்பதால், கதையின் உரையாடலைப் பிரித்துப் போட்டதுதான் நாடகமா, அல்லது இரண்டையும் தனித்தனியே படிக்க வேண்டுமா?

மறுமொழி 1:
இரண்டையும் படியுங்கள், ஆனால் சிறுகதையிலிருந்து தொடங்குங்கள். மலாயாவின் ரப்பர் தோட்டமொன்றில் லெஸ்லி கிராஸ்பி என்னும் பெண், கணவன் வெளியூர் போயிருந்த இரவில் ஹாமண்ட் என்பவரைச் சுட்டுக் கொன்றுவிட்டு, மானத்தைக் காத்துக்கொள்ளவே சுட்டதாகச் சொல்கிறாள். கதை அந்த இரவில் தொடங்குவதில்லை; அவளுடைய வழக்கறிஞர் ஜாய்ஸின் சிங்கப்பூர் அலுவலகத்தில் தொடங்குகிறது. துப்பாக்கியில் இருந்த 6 குண்டுகளும் தீர்ந்திருக்கின்றன, அவற்றுள் சில அந்த மனிதர் விழுந்த பின் சுடப்பட்டவை என்பது ஜாய்ஸை உறுத்திக்கொண்டே இருக்கிறது. லெஸ்லியோ நிதானம் குலையாமல், கேட்கும்போதெல்லாம் ஒரே மாதிரி பதில் சொல்கிறாள். அவருடைய சந்தேகம் நமக்கும் மெல்லத் தொற்றுகிறது.

நாடகமோ துப்பாக்கி வெடிக்கும் சத்தத்துடனேயே தொடங்கி, தள்ளாடி விழும் மனிதரை அவள் விடாமல் சுடுவதைக் கண்முன்னே காட்டிவிடுகிறது. கண்ணால் பார்த்துவிட்ட பிறகு, ஜாய்ஸின் உறுத்தலில் நமக்குப் பங்கு ஏது?

மறுமொழி 2:
மேலே எழுதியவருடன் உடன்பட இயலவில்லை. மாம் முதலில் பெரும் பெயர் பெற்றது நாடகத்தால்தான். 1908இல் அவருடைய 4 நாடகங்கள் ஒரே சமயத்தில் லண்டனில் நடந்தன. பார்வையாளர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்கள் என்பதை அறிந்தேதான் அவர் அப்படித் தொடங்குகிறார். அதன்பின் நாம் கவனிப்பது, அவள் எவ்வளவு திறமையாகப் பொய் சொல்கிறாள் என்பதை. ஜாய்ஸின் எழுத்தர் ஓங் சி செங், கடிதம் ஒன்று இருப்பதையும் அதன் விலையையும் மரியாதை சற்றும் குறையாமல் தெரிவிக்கும் காட்சியை நல்ல நடிகர்கள் கையில் பார்க்க வேண்டும்.

இதற்கு அடிப்படை, 1911இல் கோலாலம்பூரில் எத்தல் பிரவுட்லாக் என்னும் ஆங்கிலப் பெண்மணி மீது நடந்த கொலை வழக்கு. அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் சிலாங்கூர் சுல்தான் மன்னிப்பு அளித்தார். மாம் தம் கதையில் அவளை விடுதலையே செய்துவிட்டு, தண்டனையைக் கணவன் தலையில் சுமத்துகிறார் என்பது என் வாசிப்பு.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. கணவனைப் பற்றிச் சொன்னது ஆவலைத் தூண்டுவதால், கதையையே முதலில் எடுக்கிறேன். ‘ரெயின்’ சிறுகதைக்கும் இப்படி அவரே எழுதிய நாடக வடிவம் உண்டா?

மறுமொழி 1:
இல்லை. 1922இல் மேடையேறிய ‘ரெயின்’ நாடகத்தை எழுதியவர்கள் ஜான் கோல்ட்டனும் கிளெமென்ஸ் ராண்டால்ஃபும். அதற்குச் சிறுகதையே போதும்.