ஒரு நாள் மலைநடை: பத்து மணிக்குத் தொடங்கினால் போதுமா?

ஞாயிற்றுக்கிழமை நகரத்துக்கு வெளியே ஒரு சின்ன மலைக்குப் போகிறோம். போக வர 10 கிலோமீட்டர், ஏற்றம் 600 மீட்டர். எட்டு வயது மகளும் வருகிறாள். காலை பத்து மணிக்கு நடக்கத் தொடங்கினால் இருட்டுவதற்குள் இறங்கிவிடலாமா?

பதில்: நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் உதவும். 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. உங்களுக்கு மொத்தம் மூன்று வரும். ஆனால் அது தெம்பான பெரியவர்கள் நிற்காமல் நடப்பதற்கு. எட்டு வயதுப் பிள்ளை வழியில் பார்க்கிற வண்டையெல்லாம் விசாரிக்கும் (விசாரிக்கட்டுமே, அதற்குத்தானே போகிறோம்). ஆறு மணி நேரம் வைத்துக்கொண்டு எட்டுக்கே தொடங்குங்கள்.

இன்னொருவர்: எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதைக் கீழேயே முடிவு செய்யுங்கள். உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் அந்த நேரத்தில் திரும்பிவிட வேண்டும்.

கேட்டவர்: சரி, எட்டு மணி. டார்ச் தனியாக வேண்டுமா, போன் போதாதா?

பதில்: தனியாகவே எடுங்கள். சிக்னல் குறைந்த இடத்தில் போன் அதைத் தேடித் தேடியே சார்ஜைத் தின்றுவிடும்.