நன்கொடைப் பணத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வாங்கலாமா?

வைப்பாற்றங்கரை (கேள்வி):

வணக்கம். தென்காசி மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருக்கிறேன். என் மகள் அங்கே ஆறாம் வகுப்பு, பையன் இரண்டாம் வகுப்பு. இந்தப் பள்ளியில் படித்துவிட்டு இப்போது திருப்பூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கிற முன்னாள் மாணவர்கள் சேர்ந்து இரண்டு லட்ச ரூபாய் வரை தரத் தயாராக இருக்கிறார்கள். அதில் பெரிய தொடுதிரை ஸ்மார்ட் போர்டு வாங்க வேண்டும், திறப்பு விழாவுக்கு எல்லோரும் ஊருக்கு வருவோம் என்பது அவர்கள் விருப்பம்.

குழுக் கூட்டத்தில் இரண்டு கட்சி. தனியார் பள்ளி வேன் எங்கள் தெரு முனை வரைக்கும் வந்து நிற்கிறது, அங்கே எல்லா வகுப்பிலும் திரை இருக்கிறது என்று சொல்லியே பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போகிறார்கள், நாமும் வைத்தால்தான் சேர்க்கை நிற்கும் என்று ஒரு கட்சி. ஐந்தாம் வகுப்பு முடித்த பிறகும் ஒரு பத்தியைத் தடுமாறாமல் வாசிக்க முடியாத பிள்ளைகள் இருக்கும்போது திரை எதற்கு என்று இன்னொரு கட்சி. எனக்கு இரண்டுமே நியாயமாகத்தான் படுகிறது.

பாடப்புத்தகத்தில் 2018-இலிருந்து கியூஆர் கோடு வருகிறது, ஸ்கேன் செய்தால் வீடியோ வரும். ஆனால் வீட்டில் இருக்கிற ஒரே ஸ்மார்ட்போன் பிள்ளைகளின் அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டு ராத்திரிதான் திரும்பி வரும். அதனால் பள்ளியில் ஒரு திரை இருந்தால் நல்லதுதானே என்றும் தோன்றுகிறது. வகுப்பறையில் இதையெல்லாம் தினமும் புழங்குகிறவர்கள் சொல்லுங்கள், எதற்கு உண்மையிலேயே உதவுகிறது, எதைக் கெடுக்கிறது?

மின்சுற்று:

அக்கா, நான் அரசுப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை அறிவியல் எடுக்கிறேன். என் பக்கத்திலிருந்து சொன்னால் திரை கட்டாயம் வேண்டும், ஆனால் எதைப் போட்டுக் காட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மின்னியல் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பேட்டரி, ஒரு பல்பு, பல்பு எரிய ஒயரை எப்படி இணைப்பீர்கள், வரைந்து காட்டுங்கள் என்று பாடம் தொடங்கும் முன்பே கேட்டால் பாதிப் பிள்ளைகள் பேட்டரியின் ஒரு முனையிலிருந்து பல்புக்கு ஒரே ஒயரைத்தான் வரைவார்கள். குழாயில் தண்ணீர் வருவதுபோல மின்சாரம் ஒரு பக்கமாக வந்து பல்பில் முடிந்துவிடுகிறது என்பது அவர்கள் மனதில் இருக்கிற படம். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் என்கிற இலவசச் செயல்விளக்கங்களில் மின்சுற்று அமைக்கிற ஒன்று உண்டு. பிள்ளை வரைந்த அதே படத்தை அதில் அப்படியே அமைக்கச் சொல்வேன். பல்பு எரியாது. இரண்டாவது ஒயரைச் சேர்த்துச் சுற்றை மூடியதும் எலக்ட்ரான்கள் வரிசையாக நகர்வது தெரியும், பல்பின் வழியாகப் போய் மறுபடி பேட்டரிக்கே திரும்பி வரும். நடுவில் பல்பே இல்லாமல் இரண்டு முனையையும் ஒயரால் நேராக இணைத்தால் பேட்டரியில் தீப்பிடிக்கும், அந்த இடத்தில் வகுப்பே எழுந்து நின்றுவிடும். இதை நிஜப் பேட்டரியில் செய்து காட்ட முடியாது. எலக்ட்ரான் நகர்வதைச் சாக்பீஸால் காட்டவும் முடியாது.

அது முடிந்த கையோடு நிஜமான டார்ச் பல்பும் பேட்டரி செல்லும் ஒயரும் ஆளுக்கொன்று கொடுத்துவிட வேண்டும். திரையோடு நிறுத்தினால் அது வேடிக்கை பார்த்ததோடு சரி. இதற்குத் தொடுதிரையே தேவையில்லை, ஒரு மடிக்கணினியும் புரொஜெக்டரும் போதும். இணையம் இல்லாமலும் இயங்கும்படி முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

சுண்ணக்கட்டி:

மின்சுற்று சார் சொல்வது ஆறாம் வகுப்புக்கு மேலே சரி. நான் தொடக்க வகுப்பு ஆசிரியை, என் கவலை வேறு.

2022-இல் தொடக்க வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் என்ற அரசுத் திட்டம் வந்தபோது பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்துக் கற்பிக்கச் சொன்னார்கள். அதில் எத்தனை குறை இருந்தாலும் அடிப்படை நோக்கம் சரியானது. ஒரே வகுப்பில் ‘க’வுக்கும் ‘த’வுக்கும் குழம்புகிற பிள்ளையும் இருக்கும், கதைப் புத்தகத்தைத் தானே எடுத்து வாசிக்கிற பிள்ளையும் இருக்கும். ஸ்மார்ட் போர்டில் வீடியோ ஓடினால் அது எல்லோருக்கும் ஒரே வேகத்தில்தான் ஓடும். மலர் நிலைப் பிள்ளை கேள்விக்கு உடனே பதில் சொல்லும், வகுப்பு நன்றாக நடப்பதுபோல இருக்கும், அரும்பு நிலைப் பிள்ளை பாட்டுக்குத் தலையாட்டிவிட்டு அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து, அது வாய்விட்டு வாசிப்பதைக் கேட்டு, எங்கே நிற்கிறது என்று பார்த்துத் திருத்த வேண்டும். இதற்கு மாற்றே கிடையாது.

கொரோனா காலத்தில் இதை எல்லோரும் கண்ணால் பார்த்தோம். கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டிலேயே தொடங்கியிருந்ததால் பள்ளி மூடிய காலத்தில் கைகொடுத்தது, நல்ல ஆசிரியர்கள் நல்ல பாடம்தான் எடுத்தார்கள். ஆனால் புரியாத பிள்ளை டிவியிடம் கேள்வி கேட்க முடியாதே. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பரில் மறுபடி திறந்தபோது எழுத்தையே மறந்து வந்த பிள்ளைகளைப் பார்த்தோம். அதற்கு அரசு செய்தது என்ன? இல்லம் தேடிக் கல்வி. தெருவுக்குத் தெரு தன்னார்வலர்கள், பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பெண்கள், சாயங்காலம் பிள்ளைகளோடு உட்கார்ந்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தொழில்நுட்பம் என்ற பெயரில் ஆசிரியர் கைக்கு முதலில் வந்தது பாடம் நடத்தும் கருவி இல்லை, எமிஸ் என்கிற அரசின் பள்ளித் தகவல் பதிவு முறை. வருகைப் பதிவு, பயிற்சிப் பதிவு, மதிப்பீட்டுப் பதிவு என்று எல்லாமே செயலியில். 2024-இல் கையடக்கக் கணினியும் தந்தார்கள், அதில் கற்பிக்க நல்ல வசதிகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சிக்னல் கிடைக்காத பள்ளியில் பதிவு ஏறும்வரை ஆசிரியர் ஜன்னலோரம் நிற்கும் நேரம் எல்லாமே பிள்ளைகளிடமிருந்து எடுத்த நேரம்தான். புதிதாக ஒரு கருவி வரும்போது அது என் வேலையைக் கூட்டுமா குறைக்குமா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

கோவைத் தந்தை:

தனியார் பள்ளியைப் பார்த்து நாமும் வைக்க வேண்டும் என்று சொல்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் மகன் படிக்கிற பள்ளியில் (பெயர் வேண்டாம்) ஏழாம் வகுப்பிலிருந்து டேப்லெட் கட்டாயம், அதற்குத் தனிக் கட்டணம். வீட்டுப்பாடமும் அதில்தான். ராத்திரி பத்து மணிக்குக் கையில் திரையோடு இருக்கிறான், படிக்கிறானா வேறு ஏதாவது பார்க்கிறானா என்று பக்கத்தில் போய் நின்றால்தான் தெரியும். திட்டினால், “ஹோம்வொர்க் இதுலதானே இருக்கு” என்கிறான். அவன் சொல்வதும் உண்மைதான், அதுதான் எரிச்சல்.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. பிள்ளைகளின் கல்வி நிலையைப் பற்றிக் கிராமப்புறங்களில் எடுக்கிற ஏசர் ஆய்வின் 2024 அறிக்கையில், 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் ஸ்மார்ட்போன் இயக்கத் தெரிந்தவர்களைக் கேட்டபோது, முந்தைய வாரத்தில் படிப்புக்காகப் பயன்படுத்தியதாகச் சொன்னவர்கள் 57 சதவீதம், சமூக ஊடகத்துக்காகப் பயன்படுத்தியவர்கள் 76 சதவீதம். பணக்கார நாடுகளும் இப்போது பின்வாங்குகின்றன. சுவீடன் 2023-இல் அச்சுப் புத்தகம் வாங்கப் பள்ளிகளுக்குத் தனி நிதியே ஒதுக்கியது. பெருவில் ‘குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ என்று லட்சக்கணக்கில் கொடுத்தார்கள், 2012-இல் வந்த ஆய்வு கணக்கிலும் மொழிப்பாடத்திலும் பிள்ளைகள் முன்னேறியதாகக் காட்டவில்லை.

என் கருத்து கறாரானது. ஆசிரியர் கையில் கருவி இருக்கட்டும், பிள்ளை கையில் வேண்டாம், குறைந்தது எட்டாம் வகுப்பு வரை.

மின்சுற்று:

பெரு கதை சரி, ஆனால் டெல்லி கதையும் இருக்கிறது. மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை வைத்து பொருளாதார ஆய்வாளர் கார்த்திக் முரளிதரனும் மற்ற இரண்டு பேரும் செய்த ஆய்வு 2019-இல் வெளியானது. நடுநிலை வகுப்புப் பிள்ளைகள் பள்ளி நேரத்துக்கு வெளியே ஒரு மையத்துக்கு வந்து பாதி நேரம் கணினியிலும் பாதி நேரம் சிறு குழுவாக ஓர் உதவியாளரோடும் படித்தார்கள். நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம். ஏன் என்று பார்த்தால் சுண்ணக்கட்டி டீச்சர் சொன்ன அதே காரணம். பிள்ளை ஏழாம் வகுப்பில் இருந்தாலும் அதற்குத் தெரிந்தது நாலாம் வகுப்புக் கணக்கு என்றால் அந்த மென்பொருள் நாலாம் வகுப்பிலிருந்தே தொடங்குகிறது. பெருவில் வெறும் பெட்டியைக் கொடுத்தார்கள், இங்கே நிலை பார்த்துக் கொடுத்தார்கள், கூடவே ஓர் ஆளும் இருந்தார். ஆகவே ‘பிள்ளை கையில் வேண்டவே வேண்டாம்’ என்பதை நான் ஏற்க மாட்டேன்.

விரல்நுனி:

எனக்குப் பார்வை இல்லை, அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். இந்தப் பேச்சில் எங்கள் பிள்ளைகள் வரவே இல்லை என்பதால் எழுதுகிறேன்.

பார்வையற்ற மாணவருக்குக் கணினி என்பது நன்மை தீமை அலசுகிற பொருள் இல்லை. அது இல்லாவிட்டால் புத்தகமே இல்லை. திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டுகிற என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம், ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இரண்டு பேர் உருவாக்கியது, தமிழும் படிக்கும். பிரெயில் புத்தகம் வரும்வரை காத்திருக்காமல், வேறு யாராவது வாசித்துக் காட்டுவார்களா என்று கெஞ்சாமல், தானே படிக்கிற சுதந்திரம் அதில்தான் கிடைத்தது. ஆனால் வினாத்தாளையும் குறிப்பையும் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் அடித்து அனுப்பினால் காதில் விழுவது பொருளே இல்லாத ஆங்கில எழுத்துக் குவியல். படமாக ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் ஒன்றுமே வாசிக்காது. காசே செலவில்லாமல் சரிசெய்யக்கூடிய விஷயம் இது.

ஸ்மார்ட் போர்டு வந்த வகுப்பில் ஆசிரியர்கள் “இங்கே பாருங்க, இது இப்படிப் போகுது” என்று விரலால் காட்டியே பாடத்தை முடித்துவிடுகிறார்கள். முன்பு வாயால் விவரித்ததுகூட இப்போது குறைந்துவிட்டது. கடைசி பெஞ்சில் பார்வைக் குறைவோடு, ஆனால் கண்ணாடி இல்லாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கும் இதே கதைதான். உங்கள் பள்ளியில் மாற்றுத்திறன் பிள்ளைகள் யார் யார் என்று பட்டியலைக் கேட்டு வாங்குங்கள், அவர்களுக்கு என்ன வேண்டும் என்று சிறப்பாசிரியரிடம் கேட்டுவிட்டு அப்புறம் மற்றதை முடிவு செய்யுங்கள்.

வயர்மேன்:

நான் பள்ளிகளுக்கு இந்தப் போர்டுகளை மாட்டிக் கொடுக்கிற வேலையில் இருக்கிறேன், அதனால் வாங்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாங்கும் முன்பு பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன்.

முதலில் அறையின் மின் இணைப்பு. எர்த் சரியாக இல்லை, மத்தியானம் வோல்டேஜ் இறங்குகிறது என்றால் ஸ்டெபிலைசரும் யூபிஎஸ்ஸும் இல்லாமல் மாட்டவே கூடாது. அடுத்து, வாரண்டி எத்தனை வருஷம், பழுது பார்க்க ஆள் எந்த ஊரிலிருந்து வருவார், எழுத்தில் வாங்குங்கள். பேனல் உடைந்தால் மாற்றுகிற செலவு கிட்டத்தட்டப் புதிது வாங்குகிற செலவு. புரொஜெக்டர் என்றால் தூசி, பல்பு இரண்டும் செலவு, அறையை இருட்டாக்கத் திரைச்சீலையும் வேண்டும். கையில் இருக்கிற பணம் முழுவதையும் பொருளுக்கே போட்டுவிடாதீர்கள், கால்வாசியாவது பராமரிப்புக்கு ஒதுக்குங்கள்.

நான் மாட்டிய பல இடங்களில் போர்டு கெட்டுப்போகவில்லை, சாவி ஒருவரிடம் மாட்டிக்கொண்டது. அதைப் பழகிய ஆசிரியர் மாறுதலாகிப் போனதும் துணி போட்டு மூடிவிடுவார்கள். குறைந்தது மூன்று ஆசிரியர்களுக்கு இயக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

வைப்பாற்றங்கரை:

எல்லோருக்கும் நன்றி. நேற்று தலைமையாசிரியையிடம் பேசினேன். ஆறு முதல் எட்டு வரைக்கும் மடிக்கணினியும் புரொஜெக்டரும், கூடவே ஆளுக்கொரு பேட்டரி செல்லும் பல்பும் ஒயரும் என்று கேட்கலாம், அறிவியல் ஆசிரியருக்கும் அதுதான் விருப்பமாம். தொடக்க வகுப்புக்குத் திரை வேண்டாம், வாசிப்புப் புத்தகங்களும் சாயங்காலம் ஒரு மணி நேரம் பிள்ளைகளோடு உட்கார ஊரிலேயே படித்த பெண் ஒருவருக்கு மாதத் தொகையும் என்று யோசிக்கிறோம். எட்டாம் வகுப்பில் பார்வைக் குறைவோடு ஒரு பையன் இருக்கிறான், சிறப்பாசிரியர் வியாழக்கிழமை வரும்போது கேட்கப் போகிறேன்.

சிக்கல் என்னவென்றால் முன்னாள் மாணவர்களுக்குத் திறந்து வைக்கப் பெரிதாக ஒரு பொருள் வேண்டும். மாதத் தொகை கொடுப்பதில் ஃபோட்டோ எடுக்க ஒன்றும் இல்லையே என்று ஒருவர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். இதை எப்படிப் பேசுவது?

சுண்ணக்கட்டி:

விழாவை ஆண்டு விழாவோடு சேர்த்து வையுங்கள் அக்கா. போன வருஷம் வாசிக்கத் தெரியாமல் இருந்து இப்போது வாசிக்கிற பிள்ளைகளை மேடையில் அவர்கள் முன்னால் ஒரு பக்கம் வாசிக்க வையுங்கள், கொடுத்தவர்களுக்கு அதைவிட என்ன வேண்டும். பணத்தை மட்டும் தனியாள் கையில் வாங்காதீர்கள். மேலாண்மைக் குழுவின் வங்கிக் கணக்கில் போடச் சொல்லி, தீர்மானப் பதிவேட்டில் எழுதி, வாங்கிய பொருளை அன்றைக்கே இருப்புப் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள்.